முகம் பார்த்துப் படித்தவர் ராஜா ரவிவர்மா

நம்மில் பலர் வீட்டுச் சாமி மேடையில் ஒரு லட்சுமி படம் இருக்கும். தாமரைமேல் நிற்கும் அம்மா, பக்கத்தில் மாலையைத் தூக்கிப் பிடித்த யானை. பாறைமேல் உட்கார்ந்து வீணை வாசிக்கும் சரஸ்வதி படமும் இருக்கலாம். ஆதிகாலம் தொட்டே சாமி இந்த முகத்தோடுதான் இருந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இந்தச் சாயல் வந்து ஏறக்குறைய 130 வருடம்தான் ஆகிறது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் ராஜா ரவிவர்மா.

நம் இளைஞர் பகுதியில் சனிக்கிழமை ஓவிய வகுப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வரும் தம்பி தங்கைகள் அநேகமாக எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். பூ வரையலாம், கோலம் வரையலாம், மனித முகம் மட்டும் வரவே வராது; அதற்குப் பிறவியிலேயே கை வரம் வேண்டும் என்று. அவர்களுக்கு நான் ரவிவர்மாவின் கதையைத்தான் சொல்வேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

சுவரில் தொடங்கிய பாடம்

1848 ஏப்ரல் 29ஆம் தேதி, திருவிதாங்கூரில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார் ரவிவர்மா. சின்ன வயதில் கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், அரண்மனைச் சுவரெல்லாம் யானையும் குதிரையும் ஆளும்தான். வேறு வீடாக இருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும். அவருடைய மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர்ப் பாணி ஓவியம் தெரிந்தவர். அவர் திட்டவில்லை, உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்.

1862இல், 14 வயதில், மாமாவோடு திருவனந்தபுரம் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாள் பையனின் கையைப் பார்த்துவிட்டு அரண்மனையிலேயே தங்கிப் படிக்கச் சொன்னார்.

அந்தக் காலத்தில் தைல வண்ணம், அதாவது ஆயில் பெயிண்ட், நம்மவர்களுக்குப் புதுசு. தஞ்சாவூர்ப் படத்தில் நிறம் தட்டையாக இருக்கும்; பொன் ரேக்கும் கல்லும்தான் அதற்கு அழகு. தைல வண்ணம் மெதுவாகக் காயும். காய்வதற்குள் வெளிச்சத்தை நிழலோடு குழைக்கலாம். அதனால்தான் கன்னம் கன்னம் மாதிரியே உருண்டு தெரிகிறது. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே?

மறுத்த இரண்டு பேர்

அரண்மனையில் ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். அவருக்குத் தைல வண்ணம் தெரியும். பையனைப் போட்டியாக நினைத்து, சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான், குருவுக்குத் தெரியாமல் வந்து தனக்குத் தெரிந்ததை ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜா குடும்பத்தை வரைய வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. தான் வரையும்போது நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்.

நம்மில் எத்தனை பேர் இதற்குமேல் நின்றிருப்போம்? ரவிவர்மா நின்றார். தூரிகை எந்தப் பக்கம் போகிறது, முகத்தில் எந்த இடம் முதலில் இருட்டாகிறது என்று பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார். சரியாக வராததை மறுபடியும் போட்டார். ஓவியக் கல்லூரி இல்லை, சான்றிதழ் இல்லை. பார்ப்பது, போடுவது, திரும்பவும் பார்ப்பது. இதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

காசுக்கு வரைவதா?

அரச குடும்பத்துப் பிள்ளை படம் வரையலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வரைவது கௌரவக் குறைச்சல். அன்றைய பேச்சு அப்படி. இன்றைக்கு, படம் வரைந்து என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்று நம் வீட்டில் கேட்கிறார்கள். அன்றைக்குச் சம்பாதிப்பதே தப்பு என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் ஓவியனுக்கு இடிதான்!

1870இல் அவர் கொல்லூர் மூகாம்பிகை கோவிலுக்குப் போய் 41 நாள் விரதம் இருந்ததாகச் சொல்வார்கள். அதே காலத்தில்தான் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் குடும்பத்தைக் காசு வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்தார். தொழில் முறையில் அவர் வரைந்த முதல் படம் அது.

1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம். கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம் அது. வியன்னா கண்காட்சியிலும் அதற்குப் பரிசு கிடைத்தது. அடுத்த வருடம் ஸ்வரபத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை வரைந்து, மறுபடியும் சென்னையில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

ஒன்றைக் கவனியுங்கள். பேர் வாங்கிக் கொடுத்த இந்த முதல் படங்களில் சாமி இல்லை. தலை வாரும் பெண், வாத்தியம் வாசிக்கும் பெண், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பம். எல்லாம் கண் முன்னால் இருந்த மனிதர்கள்தான்.

மனிதரிலிருந்து தெய்வத்துக்கு

சகுந்தலை, தமயந்தி, சீதை என்று புராணப் படங்கள் பிறகு வந்தன. பரோடா மகாராஜா 14 புராண ஓவியங்கள் கேட்டபோது, ரவிவர்மா நேராக உட்கார்ந்து கற்பனையில் வரைந்துவிடவில்லை. தம்பி ராஜராஜ வர்மாவைக் கூட்டிக்கொண்டு வட இந்தியாவில் ஊர் ஊராகப் போனார். மக்கள் எப்படி உடுத்துகிறார்கள், எப்படி நிற்கிறார்கள், எப்படிக் குனிகிறார்கள் என்று பார்த்தார். தெய்வத்துக்கும் புராணப் பெண்களுக்கும் சேலை பொருந்தும் என்று முடிவு செய்தார். இன்றைக்கு நாம் லட்சுமியைச் சேலையில் பார்க்கிறோம் என்றால், அந்தப் பயணத்துக்கும் அதில் பங்கு உண்டு.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 ஓவியங்கள் அனுப்பினார். விவேகானந்தர் அதே ஊரில், அதே வருடம் பேசினார் என்பது உங்களுக்குத் தெரியும். போன படங்களில் ஒன்றில் குழந்தையை இடுப்பில் வைத்து நிற்கும் தாய், அவருடைய சொந்த மகள் மகாபிரபா. பெரிய உலகக் கண்காட்சிக்குக்கூட அவர் வீட்டு முகத்தைத்தான் வரைந்து அனுப்பினார்.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் அச்சு. அரண்மனைச் சுவரில் மட்டும் தொங்கிய படங்கள் சாதாரண வீடுகளுக்கும் வந்தன. கோவில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட சாதியாரின் வீட்டிலும் சாமி வந்து உட்கார்ந்தது. ஆனால் அச்சகம் கடனில் விழுந்தது. 1901இல் அதை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1905இல் தம்பி இறந்தார். 1906 அக்டோபர் 2ஆம் தேதி, 58 வயதில், ரவிவர்மாவும் கிளிமானூரில் கண்ணை மூடினார்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. வெள்ளைக்காரன் பாணியைக் காப்பியடித்தார், தெய்வத்தை நாடக மேடைப் பெண்ணாக்கினார் என்றார்கள். எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அவருக்குப் பின்னால் வந்த நாள்காட்டி ஓவியர்கள் அவர் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். அவர் பார்த்த மாதிரி மனிதரைப் பார்க்கவில்லை. அதனால் ஒரே வெள்ளை முகம் திரும்பத் திரும்ப வந்தது. நம் அம்மா, நம் பாட்டியின் கறுத்த நிறமும் அகன்ற மூக்கும் சாமி படத்துக்குள் வரவே இல்லை. அதை இனிமேல் வரையப்போவது நீங்கள்தான்.

தினம் ஒரு முகம்

சரி, எப்படித் தொடங்குவது? வகுப்பில் நான் சொல்லும் சிலவற்றைக் கேளுங்கள்.

தினம் 20 நிமிடம் போதும். ஆனால் தினமும். கைப்பேசியில் உள்ள நடிகர் படம் வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள் வேண்டும். ரவிவர்மா பின்னாளில் புகைப்படத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டார்தான். ஆனால் உயிருள்ள முகத்தைப் பார்த்துப் பழகிய பிறகுதான். தொலைக்காட்சி பார்க்கும் பாட்டி அதிகம் அசைய மாட்டார். அவரே நல்ல குரு.

கண்ணை எங்கே வைப்பது? புதிதாக வரைகிறவர்கள் நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரி பாதியில்தான் கண் இருக்கிறது. கண்ணாடி முன் விரலால் அளந்து பாருங்க.

ஆளை ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழட்டும். முதலில் நிழலின் உருவத்தைப் போடுங்கள். மூக்கு தானாக எழுந்து வரும்.

முழு உருவம் என்றால் தலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நின்றால் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். நம் சிற்பிகளும் முகத்தைத்தான் அளவாக எடுத்தார்கள். தாளம் என்பது அந்தக் கணக்குதான். பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தொண்டைக் குழியிலிருந்து நேராகக் கோடு இறக்கினால், பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் ஆள் விழப்போகிறார்!

ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். மோசமான படத்தையும் கிழிக்காதீங்க. முப்பதாவது நாள் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினால், எங்கே முன்னேறினீர்கள், எங்கே இன்னும் இடிக்கிறது என்று தாளே சொல்லிவிடும்.

கிளிமானூர்ச் சுவருக்கும் அந்த லட்சுமி படத்துக்கும் நடுவில் 40 வருடம் இருக்கிறது. அந்த 40 வருடமும் அவர் மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பார்வையைத்தான். பென்சிலும் தாளும் உங்களிடம் இருக்கிறது. இன்றைக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் யார் முகம் வரையப் போகிறீர்கள்?