இறந்த பிறகும் 54 ஆண்டுகள் ‘ஆட்சி’ செய்த துறவி: பூட்டான் என்ற நாடு உருவான கதை

பூட்டான் டூர் போய்விட்டு வந்த நண்பர்களின் இன்ஸ்டாகிராமைப் பாருங்கள். செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘டைகர்ஸ் நெஸ்ட்’ மடாலயத்துக்கு அடுத்தபடியாக, இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் வெள்ளைச் சுவர்களோடு நிற்கும் ஒரு பிரம்மாண்டமான கோட்டை கண்டிப்பாக இருக்கும். அதுதான் புனாகா ஸோங்.

அந்தக் கோட்டைக்குள் 1651-ல் ஒரு துறவி இறந்துபோனார். ஆனால், அந்தச் செய்தி வெளியே வர சுமார் 54 ஆண்டுகள் ஆனது. அதுவரை நாடு அவர் பெயரில்தான் நடந்தது. அவர்தான் ஷப்த்ருங் நவாங் நம்க்யால். பூட்டானை ஒரே நாடாக ஆக்கியவர்.

ஏன் மறைத்தார்கள்? அரை நூற்றாண்டு காலம் எப்படி மறைக்க முடிந்தது? அதனால் நாட்டுக்கு நன்மையா, கெடுதலா?

அகதியாக வந்த 22 வயது இளைஞர்

நவாங் நம்க்யால் பிறந்தது பூட்டானில் இல்லை, திபெத்தில். ஆண்டு 1594. ‘த்ருக்பா’ என்ற பௌத்தப் பிரிவின் தலைமை மடமான ரலுங், அவருடைய குடும்பத்தின் கையில் இருந்தது. அதே பிரிவின் பெரிய அறிஞரான பத்ம கர்போ 1592-ல் மறைந்திருந்தார். அவருடைய மறுபிறவி இந்தக் குழந்தைதான் என்று ஒரு தரப்பு அறிவித்தது.

சிக்கல் என்னவென்றால், இன்னொரு தரப்பு வேறொரு சிறுவனை மறுபிறவி என்றது. அந்தச் சிறுவனுக்கு திபெத்தின் ட்ஸாங் பகுதி ஆட்சியாளரின் ஆதரவு இருந்தது. மதச் சண்டை அரசியல் சண்டையாக மாறியது. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், 1616-ல் நவாங் நம்க்யால் இமயமலையைக் கடந்து தெற்கே வந்துவிட்டார்.

வந்து சேர்ந்த இடம் அப்போது ஒரு நாடே இல்லை. இன்றைய பூட்டானின் பரப்பு சுமார் 38,000 சதுர கி.மீ., ஏறக்குறைய கேரளா அளவு. ஆனால் தெற்கில் அஸ்ஸாம் சமவெளியை ஒட்டிய காடுகளில் தொடங்கி, 200 கி.மீ.-க்கும் குறைவான தூரத்தில் 7,000 மீட்டரைத் தாண்டிய பனிச் சிகரங்களுக்கு நிலம் ஏறிவிடுகிறது. நடுவில் இருப்பதெல்லாம் மலைகளும் பள்ளத்தாக்குகளும்தான். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக உயரமான கணவாயைத் தாண்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித் தலைவர், தனி மடம், தனி ராஜ்ஜியம்!

கோட்டைதான் அரசாங்கம்

மேற்கு பூட்டானில் த்ருக்பா பிரிவுக்கு ஏற்கெனவே ஆதரவாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அவரை வரவேற்றார்கள். 1620-ல் திம்புவுக்கு வடக்கே செரி மடாலயத்தைக் கட்டினார். மறைந்த தன் தந்தையின் அஸ்தியை அங்கே ஒரு ஸ்தூபியில் வைத்தார்.

1627-ல் எஸ்தேவாவோ கசெல்லா, ஜோவாவோ கப்ரால் என்ற இரண்டு போர்ச்சுகீசிய பாதிரியார்கள் வங்காளம் வழியாக வந்து இவரைச் சந்தித்தார்கள். பூட்டானுக்கு வந்த முதல் ஐரோப்பியர்கள் இவர்கள்தான். விருந்தாளிகளை அவர் மரியாதையாக நடத்தினார். தங்க இடமும் கொடுத்தார். அரிசி, மாமிசம், மீன் எதையும் தொடாமல் பாலும் பழமும் மட்டும் சாப்பிடுபவர், சிலை செதுக்குவதில் கைதேர்ந்தவர் என்று கசெல்லா தன் கடிதத்தில் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்து பூட்டானைப் பற்றி வெளியாள் ஒருவர் நேரில் பார்த்து எழுதிய முதல் பதிவு அது.

ஆனால் இந்தச் சாந்தமான துறவிக்கு எதிரிகள் குறைவில்லை. உள்ளூரில் ஏற்கெனவே செல்வாக்கோடு இருந்த ஐந்து மதப் பிரிவுகளின் லாமாக்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 1629-ல் திம்புவுக்கு அருகே சிம்தோகா கோட்டையை அவர் கட்டியபோது தாக்குதலே நடந்தது. அதையும் சமாளித்தார்.

இங்கேதான் அவருடைய மூளையைக் கவனிக்கணும். ‘ஸோங்’ என்பது வெறும் ராணுவக் கோட்டை இல்லை. ஒரே சுவருக்குள் மடம், அரசு அலுவலகம், தானியக் கிடங்கு, ஆயுதச் சாலை எல்லாம் இருக்கும். வரியாக வரும் நெல்லும் வெண்ணெயும் அங்கேதான் சேரும். பள்ளத்தாக்கின் கழுத்துப் பகுதியில் ஒரு ஸோங் கட்டிவிட்டால், அந்தப் பள்ளத்தாக்கே கைக்குள் வந்த மாதிரி. 1637-38-ல் போ சூ, மோ சூ ஆறுகள் சேரும் இடத்தில் புனாகா; பிறகு வாங்டூ, பாரோ என்று வரிசையாகக் கோட்டைகள் எழுந்தன.

திபெத்திலிருந்து படைகள் பல முறை வந்தன. 1640-களில் மங்கோலியர்களின் துணையோடும் வந்தன. ஒவ்வொரு முறையும் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 1649-ல் அந்த வெற்றியின் நினைவாகக் கட்டியதுதான் பாரோ பள்ளத்தாக்கின் த்ருக்யெல் ஸோங்.

இரண்டு நாற்காலி திட்டம்

நாட்டை எப்படி நடத்துவது? அதிகாரத்தை இரண்டாகப் பிரித்தார். மத விவகாரங்களுக்கு ‘ஜே கென்போ’. நிர்வாகத்துக்கு ‘தேசி’. அவருக்குக் கீழே பெரிய பகுதிகளை ஆள ‘பென்லோப்’கள். இந்த இருவருக்கும் மேலே, கடைசி வார்த்தை ஷப்த்ருங்குடையது.

பலவீனமும் அதுவேதான். மேலே ஒருவர் இருக்கும்வரை எல்லாம் சரி. அவர் இல்லாவிட்டால்?

மூடிய கதவுக்குப் பின்னால்

1651-ல் புனாகாவில் தனிமைத் தியானத்துக்குப் போன ஷப்த்ருங் உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு ஒரே மகன், ஜம்பெல் டோர்ஜே. உடல்நலம் இல்லாதவர்; ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் நிலையில் இல்லை. வடக்கே திபெத் காத்திருந்தது. உள்ளே பழைய எதிரிகள் காத்திருந்தார்கள். நாட்டுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

எனவே, நெருக்கமான சிலர் ஒரு முடிவெடுத்தார்கள். ஷப்த்ருங் தியானத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். உணவு வேளை தவறாமல் அறைக்குள் போனது. அவர் பெயரில் உத்தரவுகள் வெளியே வந்தன. பௌத்தத் துறவிகள் ஆண்டுக்கணக்கில் தனிமையில் இருப்பது அங்கே சகஜம் என்பதால், இதை நம்புவதில் யாருக்கும் பெரிய சிரமம் இருக்கவில்லை.

இப்படி மறைத்தது பூட்டான் மட்டும் இல்லை. 1682-ல் மறைந்த ஐந்தாம் தலாய் லாமாவின் மரணத்தை திபெத் 15 ஆண்டுகள் மறைத்தது. பூட்டான் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் தாக்குப்பிடித்தது.

காப்பாற்றியதா, கெடுத்ததா?

இரண்டும்தான். மறைத்த அந்த ஐம்பது ஆண்டுகளில் கிழக்குப் பகுதிகளும் இணைந்து, இன்றைய பூட்டானின் வடிவம் ஏறக்குறைய உருவாகிவிட்டது. உண்மை வெளியானபோது நாடு உடையவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு, அவருடைய உடல், வாக்கு, மனம் ஆகியவற்றின் மறுபிறவிகள் என்று தனித்தனியாகப் பலர் அறிவிக்கப்பட்டார்கள். கடைசி வார்த்தை யாருடையது என்பதே குழப்பமானது. தேசி பதவிக்கு ஓயாத சண்டை. சுமார் 250 ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேசிகள். பலர் கொல்லப்பட்டார்கள், பலர் விரட்டப்பட்டார்கள். ஒரு தனிமனிதரை மையமாக வைத்துக் கட்டிய அமைப்புக்கு, அவர் இடத்தில் யாரை உட்காரவைப்பது என்று தெரியவில்லை. 1907 டிசம்பர் 17 அன்று, அதே புனாகா கோட்டையில் உக்யென் வாங்சுக் முதல் மன்னராக முடிசூடிய பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

நேரில் பார்க்கணுமா?

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆனால் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் சுற்றுலாக் கட்டணம் உண்டு. மற்ற பெரும்பாலான வெளிநாட்டினருக்கு அது 100 டாலர். பாரோவுக்கு விமானத்தில் போகலாம். மேற்கு வங்கத்தை ஒட்டிய புன்ட்ஷோலிங் வழியாகத் தரைவழியிலும் போகலாம்.

புனாகாவின் உயரம் சுமார் 1,200 மீட்டர்தான் என்பதால் குளிர் குறைவு. இன்றும் திம்புவின் மத்திய மடத்துத் துறவிகள் ஜே கென்போ தலைமையில் குளிர்காலத்தைக் கழிக்க இங்கேதான் வருகிறார்கள். கோட்டைக்குள் மாச்சே லாகாங் என்ற சன்னிதியில் ஷப்த்ருங்கின் உடல் பாதுகாக்கப்படுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. 370 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அந்தக் கதவு மட்டும் வெளியாட்களுக்கு மூடியேதான் இருக்கிறது.