ஆபிரகாம் லிங்கனும் நீல மாத்திரையும்



துயரமும் அச்சமும் மனிதனோடு உடன் பிறந்தவை. ஆயினும் இக்காலத்தில் அவையிரண்டும் நோய்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. நோய் என்றால் அதற்கு மாத்திரை உண்டு என்னும் எண்ணமும் எங்கும் பரவிவிட்டது. நான் வேலை செய்த ஆலை மூடப்பட்ட காலத்தில், கூலியிழந்து உறக்கமும் இழந்த தோழர் பலர் மருத்துவரை நாடிச் சென்றனர். அவர்களுக்குத் தூக்க மாத்திரை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அன்று என் உள்ளத்தில் எழுந்த கேள்விக்கு, நெடுங்காலத்திற்கு முன் மறைந்த ஒரு பெரியாரின் வாழ்க்கையில் விடையின் ஒரு பகுதியைக் கண்டேன்.

ஆபிரகாம் லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். நச்சுச் செடியைத் தின்ற பசுவின் பாலால் உண்டாகும் நோய்க்கு 1818-இல் தம் தாயைப் பறிகொடுத்தார். 1828-இல் தமக்கை சாரா பிள்ளைப்பேற்றில் இறந்தார். அவர் பள்ளிக்குச் சென்ற நாட்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிறையாது. கோடரி பிடித்த கையிலேயே புத்தகத்தையும் பிடித்துத் தாமே கற்றார். கடை நடத்தியும், அஞ்சல் நிலையம் பார்த்தும், நிலம் அளந்தும் பிழைத்தவர், 1834-இல் இல்லினாய் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பின்னர் வழக்கறிஞரானார்.

1835-இல் அவர் அன்பு கொண்டிருந்த ஆன் ரட்லெட்ஜ் காய்ச்சலால் இறந்தபோது, லிங்கன் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என ஊரார் அஞ்சி அவரைக் காவல் காத்தனர். 1841 ஜனவரியில், மேரி டாட் அம்மையாரோடு செய்திருந்த திருமண உறுதி முறிந்தபோது அதே இருள் மீண்டும் சூழ்ந்தது. நண்பர் ஜோஷுவா ஸ்பீட் அவர் அருகிருந்த சவரக்கத்தி முதலியவற்றை அப்புறப்படுத்தினார். தாம் வாழ்ந்ததற்கு அடையாளமாக மக்களுக்கு நன்மை எதுவும் செய்யாமல் சாவதற்குத் தமக்கு மனமில்லை என்று அந்நண்பரிடம் லிங்கன் தெரிவித்தார். அவ்வொரு விருப்பமே அவரை உயிரோடு நிறுத்திற்று எனலாம். மறு ஆண்டில் அவ்வம்மையாரையே மணந்தார்.

அந்த 1841-ஆம் ஆண்டுக் கோடையில் மனம் தேறுவதற்காக ஸ்பீடின் கென்டக்கி இல்லத்திற்குச் சென்று, நீராவிப் படகில் திரும்பினார். படகில் ஏறத்தாழ பன்னிரண்டு நீக்ரோ அடிமைகள், தூண்டிற் கயிற்றில் கோத்த மீன்களைப்போல், சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தனர். அந்நாளில் எழுதிய கடிதத்தில், அந்நிலையிலும் அவர்கள் சிரித்துப் பாடியதையே வியந்தார். ஆனால் 1855-இல், அடிமைகளை உடையவராயிருந்த அதே ஸ்பீடுக்கு எழுதுகையில், அக்காட்சி தம்மை இடைவிடாது வருத்துவதாகத் தெரிவித்தார். தம் துயரம் தீரச் சென்றவர் பிறர் துயரத்தைச் சுமந்து வந்தார், அச்சுமை அவரைக் கெடுக்கவில்லை, உருவாக்கியது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். மனச்சோர்வு பித்தக் கோளாற்றால் வருவது என்பது அக்கால மருத்துவர் பலரின் கருத்து. அதற்கு அவர்கள் கொடுத்தது நீல மாத்திரை. பாதரசத்தோடு அதிமதுரம், ரோஜா முதலியவற்றைச் சேர்த்துப் பிசைந்தது அது. லிங்கனும் உட்கொண்டார். 2001-இல் ஆய்வாளர் சிலர் பழைய முறைப்படியே அம்மாத்திரையைச் செய்து சோதித்து, இக்காலப் பாதுகாப்பு வரம்பை அதன் பாதரசம் பன்மடங்கு கடந்திருப்பதைக் கண்டனர். பாதரச நஞ்சு உறக்கத்தைக் கெடுக்கும், கையை நடுங்கச் செய்யும், சினத்தை மூட்டும். மனத்தைத் தேற்றத் தந்த மருந்தே மனத்தைக் கெடுக்கவல்லதாயிருந்தது!

1861 மார்ச்சில் லிங்கன் குடியரசுத் தலைவரானார். சில மாதங்களுக்குள், அம்மாத்திரை தம்மைச் சிடுசிடுப்புள்ளவராக்குகிறது எனக் கண்டு அதனைக் கைவிட்டார். மருத்துவரை வெறுத்து விட்டாரல்லர். உண்டு பார்த்து, தம்மைத் தாமே கவனித்து, பயனறிந்து விட்டார்.

மாத்திரையை விட்டதனால் துயரம் விலகிற்றா? இல்லை. உள்நாட்டுப் போர் மூண்டு, ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1850-இல் ஒரு மகனை இழந்திருந்தவர், 1862 பிப்ரவரியில் வில்லி என்னும் மற்றொரு மகனையும் இழந்தார். அவ்வாண்டு டிசம்பரில், போரில் தந்தையை இழந்து உணவும் கொள்ளாது அழுதுகிடந்த பேனி மக்கல்லோ என்னும் பெண்ணுக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதினார். துயரம் யாவர்க்கும் வருவது, இளையோரை எதிர்பாராது தாக்குவதால் மிகக் கசப்பது, காலம் சென்றால் தணிவது, இதனைத் தாம் பட்டறிந்தே எழுதுவது என்பது அதன் கருத்து. பட்ட துயரம் அவர் கையில் பிறர்க்கு மருந்தாயிற்று.

1863 ஜனவரி முதல் நாள் விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டார். அது கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கே உரியது. நாடு முழுதும் அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை. ஏப்ரல் 14-ஆம் நாள் சுடப்பட்டு மறுநாள் மறைந்தார். எனினும் அறிக்கைக்குப் பின் ஸ்பீடைக் கண்டபோது, 1841-இல் தாம் கூறிய விருப்பத்தை நினைவூட்டி, அது நிறைவேறுமென்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். நம் நாட்டின் மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமைமுறையை ஒழிக்க உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

லிங்கன் காலத்திற்குப் பின் மருந்துகள் பெருகின. அமெரிக்காவில் 1955-இல் மில்டவுன், 1960-இல் லிப்ரியம், 1963-இல் வேலியம், 1987-இல் புரோசாக் அனுமதி பெற்றது. வேலியம் போன்றவை பழக்கத்தில் கட்டிப்போடும் என்பது பின்னரே பலருக்கும் விளங்கிற்று. மூளையில் செரட்டோனின் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் விளக்கத்திற்கு உறுதியான சான்றில்லை என்று 2022-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறியது.

இதனால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடும் மனநோயில் மருந்து உயிர் காக்கும். உண்டுவரும் மாத்திரையை மருத்துவரைக் கேளாது நிறுத்துவது தீங்கு. நான் கேட்பது வேறு. கடனால் வந்த அச்சத்திற்கும், சாதி இழிவால் வந்த துயரத்திற்கும், வேலை பறிபோன வேதனைக்கும் மாத்திரை ஒன்றே விடையாகுமா? துக்கம் உண்டென்று சொன்ன பகவான், அத்தோடு நில்லாது அதன் காரணத்தையும் தேடச் சொன்னார். காரணத்தை விட்டு வேதனையை மட்டும் உறங்க வைத்தால், சங்கிலி கண்ணுக்குத் தெரியாமற் போகுமேயன்றி அறுந்துபோகாது.

ஆகவே, நம் தெருவில் ஒருவர் துயரத்தில் ஆழ்ந்திருந்தால் முதலில் அவரைத் தனியே விடாதீர்கள். ஸ்பீட் செய்ததுபோல் அருகிருந்து, ஆபத்தானவற்றை அகற்றுங்கள். தேவையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகு அத்துயரம் எங்கிருந்து வந்தது என்று அவரோடு அமர்ந்து கேளுங்கள். கேட்ட பின், அக்காரணத்தை நீக்கக் கைகொடுங்கள்.