கணித ஆசிரியர் எட்வார்ட் லூக்காஸ்

பிரான்சு தேசத்தின் வடபாலுள்ள ஆமியான் நகரிலே 1842ஆம் ஆண்டு எட்வார்ட் லூக்காஸ் பிறந்தார். இளமையிற் பரிஸ் வானாராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த அவர், 1870இற் பிரசியாவுடன் யுத்தம் மூண்டபோது பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்தார். யுத்தம் ஓய்ந்தபின் மூலான் நகரிலும், பின்னர்ப் பரிஸிலும் பாடசாலை ஆசிரியராய் விளங்கினார். வகுப்பறையிற் கணிதம் புகட்டிய இவ்வாசிரியரே 39 இலக்கங்கொண்ட முதன்மை எண்ணொன்றை உலகுக்கு உணர்த்தியவர்.

2இன் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்களுட் சில முதன்மை எண்களாகும். 3, 7, 31, 127 என்பன அத்தகையன. மெர்சென் என்னும் துறவியார் 1644இல் இவ்வகை எண்களுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். 67ஆம் வலுவுக்கும் 127ஆம் வலுவுக்கும் உரிய எண்களும் அதில் இடம்பெற்றன. ஆயின், அவற்றைச் சோதிக்கும் வழியை அக்காலத்தார் அறியார். 39 இலக்க எண்ணைச் சிற்றெண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கப் புகின் ஆயிரம் ஆயுளும் போதா.

லூக்காஸ் அவ்வழியையே கைவிட்டார். அவர்தம் முறையை 127 என்னும் சிறிய எண்ணில் மாணவர் தாமே செய்து பார்க்கலாம். 3இல் தொடங்குக. அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க 7 வரும். மீண்டும் அவ்வாறு செய்ய 47. அடுத்தது 2207, அதனை 127ஆல் வகுக்க மீதி 48. 48ஐ வர்க்கித்து, 2ஐக் கழித்து, வகுக்க மீதி 16. அதன்மேல் வருவது 254, மீதி பூச்சியம். 127 என்பது 2இன் 7ஆம் வலுவினின்றும் பிறந்தது. ஏழில் இரண்டு குறைய ஐந்தாம் படியிற் பூச்சியம் தோன்றியமையால் அது முதன்மை எண்ணேயாம். 127ஆம் வலுவுக்கோ 125 படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 39 இலக்க எண்ணை வர்க்கித்தல் வேண்டும்! பக்கத்துக்கு 127 கட்டங்கொண்ட சதுரங்கப் பலகை போன்றதொன்றிற் காய்களை வைத்து இக்கணக்கைச் செய்யும் உபாயத்தையும் அவர் வகுத்தார். 1876இல் அவர் முதன்மையென நிறுவிய எண் இது:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

67ஆம் வலுவுக்குரிய எண் முதன்மையன்று என்பதையும் அதே ஆண்டில் அவர் காட்டினார். எனினும், அதன் காரணிகள் எவையென அவரும் அறிந்திலர். 27 ஆண்டுகள் கழித்து, 1903இல், அமெரிக்கரான கோல் என்பார் அவை 193,707,721உம் 761,838,257,287உம் எனக் கண்டார். காரணியைக் காணாமலே காரணி உண்டெனத் துணிந்த இச்செயலையே, பேரெண்ணைக் கண்டதினும் பெரிதென யான் மதிப்பேன்.

விளையாட்டுக் கணிதத்திலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 1883இல் அவர் வெளியிட்ட 'ஹனோய் கோபுரம்' சிறுவர் பலர் அறிந்ததே. 64 தட்டுகளை ஒரு தண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டிய நகர்வுகள் 2இன் 64ஆம் வலுவில் ஒன்று குறைவு. விளையாட்டிலும் அவ்வகை எண்ணே வந்து நின்றது!

1891இல் விஞ்ஞானக் கழகமொன்றின் விருந்திலே பீங்கான் கோப்பை வீழ்ந்துடைந்து, அதன் துண்டு அவர் கன்னத்திற் பாய்ந்தது. அக்காயம் நஞ்சேறி, அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆம் நாள், தமது 49ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் கண்ட எண்ணே 1951 வரை, 75 ஆண்டுகளாக, அறியப்பட்ட முதன்மை எண்களுட் பெரியதாயிருந்தது. அவர் முறையை 1930இல் லேமர் என்னும் அறிஞர் திருத்தியமைத்தார். 2024இற் கணினிகளின் துணையாற் கண்டறியப்பட்ட 41,024,320 இலக்க முதன்மை எண்ணும் அச்சோதனையாலேயே உறுதிசெய்யப்பட்டது.