இடியைத் தேடிப் போன தந்தையும் மகனும்

வானம் கறுத்தது. தூரத்தில் இடி உறுமியது. இந்த நேரத்தில் எவரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் இரண்டு பேர் வீட்டை விட்டு வெளியே கிளம்பினார்கள்.

ஒருவருக்கு வயது 46. இன்னொருவர் 21 வயது வாலிபர். அவர்கள் கையில் ஒரு பட்டம் இருந்தது!

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1752-ம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இது. மூத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். வாலிபர் அவருடைய மகன் வில்லியம்.

ஓடிவந்த பையன்

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு மொத்தம் 17 குழந்தைகள். பெஞ்சமின் 15-வது பிள்ளை. இத்தனை பேருக்குச் சோறு போடுவதே பெரும்பாடு. ஆகவே இரண்டே வருடத்தில் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது.

அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனோடு ஒத்துவரவில்லை. 17-வது வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். அங்கே சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். பத்திரிகை நடத்தினார். 1732-ம் ஆண்டு முதல் ஒரு பஞ்சாங்கமும் போட்டார். ஆண்டுக்குச் சுமார் 10 ஆயிரம் பிரதிகள் விற்றன.

பஞ்சாங்கம் என்றால் மழை எப்போது, வெயில் எப்போது என்று சொல்லியாக வேண்டும். ஒரு வருடத்துக்கு முன்பே அதை எப்படிச் சொல்ல முடியும்? பிராங்க்ளினுக்கே அதில் நம்பிக்கை கிடையாது. சொன்ன தேதிக்கு ஓரிரு நாள் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளும்படி வாசகர்களிடம் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வி அவர் மனதை விட்டுப் போகவில்லை. மழையும் புயலும் எங்கிருந்து வருகின்றன? எங்கே போகின்றன?

1730-ம் ஆண்டு வாக்கில் வில்லியம் பிறந்தான். அவனுடைய தாய் யார் என்பது வெளியே தெரியாமலே போய்விட்டது. பிராங்க்ளினின் மனைவி டெபோராதான் அவனை வளர்த்தாள். டெபோராவுக்குப் பிறந்த ஆண் குழந்தை நாலு வயதில் அம்மை கண்டு இறந்துபோயிற்று. பிறகு பிராங்க்ளினுக்கு மகன் என்று இருந்தது வில்லியம் ஒருவன்தான். அவனுக்குக் குதிரை வாங்கிக் கொடுத்தார். நல்ல படிப்புக் கொடுத்தார். தனக்குக் கிடைக்காததெல்லாம் மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்.

கிரகணத்தை மறைத்த புயல்

1743-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இரவு சந்திர கிரகணம். அதைப் பார்க்க பிராங்க்ளின் ஆவலோடு காத்திருந்தார். ஆனால் மாலையிலேயே வடகிழக்கிலிருந்து புயல் காற்று அடித்தது. வானத்தை மேகம் மூடியது. சந்திரன் கண்ணில் படவே இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் அலுத்துக்கொண்டு படுத்திருப்பார். பிராங்க்ளின் விடவில்லை. பிறகு வந்த பாஸ்டன் பத்திரிகைகளைப் பார்த்தார். அங்கே கிரகணம் நன்றாகத் தெரிந்ததாம்! புயல் அதற்குப் பிறகுதான் பாஸ்டனுக்கு வந்ததாம். பாஸ்டனில் இருந்த அவருடைய சகோதரரும் அப்படியே சொன்னார்.

இது எப்படி? பாஸ்டன் இருப்பது பிலடெல்பியாவுக்கு வடகிழக்கே. காற்று வடகிழக்கிலிருந்து வீசினால் பாஸ்டனில் அல்லவா முதலில் வீச வேண்டும்?

மற்ற ஊர்களில் புயல் எப்போது வந்தது என்றும் விசாரித்தார். அப்போது உண்மை விளங்கியது. காற்று ஒரு பக்கமாக வீசுகிறது. புயல் வேறு பக்கமாக நகர்கிறது!

காரணத்தையும் யோசித்தார். வீட்டில் அடுப்பு மூட்டினால் சூடான காற்று புகைபோக்கி வழியாக மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடுத்த காற்று அடுப்பை நோக்கி வருகிறது. அதற்குப் பின்னால் உள்ள காற்று அதற்கு அடுத்தபடியாக நகர்கிறது. அதுபோல, தெற்கே வெப்பத்தால் காற்று மேலே கிளம்பினால், பக்கத்து ஊர்க் காற்றுதான் முதலில் புறப்படும். தூரத்து ஊர்க் காற்று பிந்தித்தான் புறப்படும். இந்த விளக்கம் முழுவதும் சரி அல்ல. ஆனால் புயல் ஊர் ஊராக நகர்ந்து போகிறது என்று அவர் கண்டது சரி. இன்று புயல் எங்கே இருக்கிறது, நாளை எங்கே போகும் என்று சொல்வதற்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

பட்டமும் சாவியும்

1748-ம் ஆண்டில் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் காலத்தில் பலர் மின்னலைக் கடவுளின் கோபம் என்று நினைத்தார்கள். ஐரோப்பாவில் இடி இடிக்கும்போது மாதா கோவில் மணியை ஓயாமல் அடிப்பார்கள். கோபுரத்தில் இடி விழுந்து மணி அடித்தவர்கள் பலர் செத்திருக்கிறார்கள்.

தன் எண்ணத்தைச் சோதிக்க பிராங்க்ளின் பட்டம் செய்தார். காகிதம் மழையில் கிழிந்துவிடும். ஆகவே பட்டுக் கைக்குட்டையைக் குறுக்குக் குச்சிகளில் கட்டினார். உச்சியில் கூரான கம்பி வைத்தார். பட்டத்துக்குச் சணல் நூல். கையில் பிடிக்கும் நுனியில் மட்டும் பட்டு நாடா. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சாவி.

தோற்றுவிட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்தார். எனவே மகனைத் தவிர வேறு எவரிடமும் சொல்லவில்லை. படங்களில் வில்லியத்தைச் சின்னப் பையனாக வரைந்திருப்பார்கள். அது தவறு. அவர் அதற்கு முன்பே ராணுவத்தில் சேர்ந்து திரும்பி வந்தவர்.

பட்டம் மேலே போயிற்று. நாடா நனையாதபடி பிராங்க்ளின் ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றார். ஒரு மேகம் கடந்து போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றத்தோடு நின்ற நேரத்தில், சணலின் இழைகள் தனித்தனியாக விறைத்து நிற்பதைக் கண்டார். விரல் முட்டியைச் சாவியின் அருகே கொண்டு போனார். சுரீரென்று ஒரு பொறி!

பட்டத்தின் மேல் இடி விழவில்லை. மேகத்தில் இருந்த மின்சாரத்தில் சிறிதளவே நூல் வழியாக இறங்கியது. நேரே இடி விழுந்திருந்தால் இருவரும் அன்றே இறந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ரஷ்யாவில், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ரிச்மன் என்ற விஞ்ஞானி இடி மின்னலை ஆராய்ந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கக் கூடாது.

மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதிக்கொள்ளும்போது மின்சாரம் சேருகிறது என்பது இப்போது தெரிந்த விஷயம். பிராங்க்ளினுக்கு அது தெரியாது. ஆனால் மின்சாரம் என்று தெரிந்ததுமே அதைப் பூமிக்குள் இறக்கும் வழியைச் சொல்லிவிட்டார். அதுதான் இடிதாங்கி. வீட்டின் உச்சியில் கூரான இரும்புக் கம்பி. அதிலிருந்து ஈரமான மண் வரை ஒரு கம்பி. செலவு சொற்பம். அந்த யுக்தியைத் தன் பஞ்சாங்கத்தில் அச்சடித்து எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்தார். அதற்கு உரிமை கொண்டாடிக் காசு வாங்கவில்லை.

தன் வீட்டில் வைத்த கம்பியில் இரண்டு மணிகளைக் கட்டினார். இடி மேகம் வந்தால் மணிகள் தாமாகவே கிணுகிணுக்கும். பிராங்க்ளின் நடுராத்திரியில்கூட எழுந்து ஓடுவார். மனைவி டெபோராவுக்கோ குலை நடுங்கும். பாவம், அவர் வெளிநாடு போயிருந்த காலத்திலும் அந்த மணிகளோடு அவள் குடித்தனம் செய்ய வேண்டியிருந்தது. பயமாக இருந்தால் மணிகளை எப்படி நிறுத்துவது என்று அவர் பிறகு கடிதத்தில் எழுதி அனுப்பினார்.

குதிரையில் துரத்தினார்கள்

1755-ம் ஆண்டு. மேரிலாந்து பகுதியில் ஒரு நண்பரின் பண்ணைக்குப் பலரும் குதிரையில் போனார்கள். தந்தையும் மகனும் கூட இருந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சுழல்காற்று புழுதியை வாரிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தது.

மற்றவர்கள் குதிரையை நிறுத்திவிட்டார்கள். பிராங்க்ளின் சுழல்காற்றின் பக்கத்திலேயே குதிரையை ஓட்டினார்! சவுக்கால் அதை அடித்துப் பார்த்தார். உடைகிறதா என்று சோதித்தார். உடையவில்லை. அது காட்டுக்குள் நுழைந்தது. சருகுகளையும் குச்சிகளையும் சுழற்றி வீசியது. பிராங்க்ளினும் பின்னாலேயே போனார். முக்கால் மைல் தூரம் போனதும் காய்ந்த கிளைகள் முறிந்து பக்கத்தில் விழுந்தன. அப்போதுதான் நின்றார்.

வில்லியம் நிற்கவில்லை. காட்டைத் தாண்டி ஒரு பழைய புகையிலை வயல் வரை துரத்திக்கொண்டு போனார். அங்கே வாரிக்கொள்ள இலையும் புழுதியும் இல்லாமல் சுழல்காற்று கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அந்த முடிவைப் பார்த்தவர் மகன். எழுதி வைத்தவர் தந்தை.

இந்த ஊரில் இப்படிச் சுழல்காற்று அடிக்கடி வருமா என்று பிராங்க்ளின் கேட்டார். வராது, இது தங்களுக்காகவே ஏற்பாடு செய்தது என்று நண்பர் கேலியாகப் பதில் சொன்னாராம்.

பிளவு

1757-ம் ஆண்டில் இருவரும் லண்டன் சென்றார்கள். வில்லியம் அங்கே சட்டம் படித்தார். அப்போது அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1762-ம் ஆண்டில் வில்லியம் நியூ ஜெர்சி பகுதிக்குக் கவர்னராக நியமிக்கப்பட்டார். தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வரித் தகராறு வந்தது. 1774-ம் ஆண்டில் லண்டனில் மந்திரிமார் கூடிய சபையில் பிராங்க்ளினை நிற்க வைத்து அவமானப்படுத்தினார்கள். அவருடைய தபால் துறைப் பதவியையும் பறித்தார்கள். அது அவர் மனதைப் புண்படுத்தியது. மகனும் கவர்னர் பதவியை உதறிவிடுவான் என்று எதிர்பார்த்தார்.

வில்லியம் உதறவில்லை. ராஜாவுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று நினைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் டெபோரா இறந்தாள். பிராங்க்ளின் லண்டனில் இருந்தார். சவ அடக்கத்துக்கு வந்து நின்றது வில்லியம்தான்.

1776-ம் ஆண்டு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் தந்தை கையெழுத்துப் போட்டார். அதே கோடையில் மகன் கைது செய்யப்பட்டார். கனெக்டிகட் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தனிச் சிறையில் அடைத்தார்கள். 1777-ம் ஆண்டு அவருடைய மனைவி எலிசபெத் நியூயார்க்கில் மரணப் படுக்கையில் கிடந்தாள். போய்ப் பார்க்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அவள் இறந்துபோனாள்.

அப்போது பிராங்க்ளின் பிரான்சில் அமெரிக்கத் தூதர். அவர் பெயருக்கு எவ்வளவோ செல்வாக்கு. ஆனால் மகனை விடுவிக்க அவர் முயலவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் மனம் ஒப்பவில்லை.

இந்தச் சண்டை இடிதாங்கியைக்கூட விடவில்லை! பிராங்க்ளின் சொன்னது கூர்முனைக் கம்பி. ஆகவே இங்கிலாந்து ராஜா கூர்முனைக் கம்பிகளை எடுத்துவிட்டு மழுங்கிய முனை உள்ளவற்றை வைக்கச் சொன்னார்.

யுத்தம் முடிந்து 1783-ம் ஆண்டு சமாதான உடன்படிக்கை ஆயிற்று. அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் விசித்திரமான வறண்ட மூடுபனி. எரிமலைப் புகை காரணமாக இருக்குமோ என்று ஊகித்தவர்களில் பிராங்க்ளினும் ஒருவர். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்திருந்தது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்தாலும் காகிதம் தீப்பிடிப்பது கஷ்டமாக இருந்தது என்று குறித்து வைத்தார். வயது 77. வானத்தைப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை.

நான்கு நாட்கள்

மறு ஆண்டு வில்லியம் சமாதானம் கோரிக் கடிதம் எழுதினார். பிராங்க்ளின் பதில் போட்டார். ஆனால் மனக் காயத்தை அதில் மறைக்கவில்லை. 1785-ம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் சந்தித்தார்கள். நான்கு நாட்கள். அந்த நாட்கள் கணக்கு வழக்கில் கழிந்தன. வில்லியத்துக்கு அமெரிக்காவில் இருந்த நிலத்தை அவர் மகன் டெம்பிளுக்குக் குறைந்த விலைக்கு எழுதி வாங்கினார் பிராங்க்ளின். டெம்பிள் தாத்தாவிடம் வளர்ந்த பிள்ளை.

பிறகு கப்பல் கிளம்பிவிட்டது. டெம்பிள் தாத்தாவோடு போனான். தந்தையும் மகனும் மறுபடி சந்திக்கவில்லை.

அந்தப் பயணத்தில் பிராங்க்ளின் கடல் நீரின் வெப்பத்தை அளந்துகொண்டே வந்தார். அட்லாண்டிக் கடலுக்குள் ஆறு போல ஓடும் வெந்நீரோட்டத்தைக் கப்பல்காரர்கள் தெர்மாமீட்டர் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்.

1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில், பிலடெல்பியாவில் காலமானார். உயிலில் வில்லியத்துக்கு அவர் விட்டுச் சென்றது நோவாஸ்கோஷியாவில் கொஞ்சம் நிலமும், ஏற்கெனவே வில்லியம் வசம் இருந்த புத்தகங்களும் காகிதங்களும், பழைய கடன் பாக்கியும்தான். யுத்தத்தில் மகன் எதிர்ப்பக்கம் நின்றதே காரணம் என்றும் எழுதியிருந்தார். வில்லியம் லண்டனிலேயே வாழ்ந்து இறந்தார்.

பிராங்க்ளினின் சுயசரிதை உலகப் புகழ் பெற்றது. 1771-ம் ஆண்டில் அதை எழுதத் தொடங்கியபோது, மகனுக்கு எழுதும் கடிதமாகவே ஆரம்பித்தார். பிளவுக்குப் பிறகு எழுதிய பகுதிகள் அப்படி இல்லை. பட்டம் விட்ட நாளைப் பற்றி அதில் ஒரே வரிதான் வருகிறது. மிகுந்த சந்தோஷம் தந்த நாள் என்று சொல்கிறார். பக்கத்தில் நின்ற வில்லியத்தின் பெயர் அங்கே இல்லை.