பேராதனைக்கு வந்த ஹேக்கல்: கண்டதும் கேட்கத் தவறியதும்

பேராதனைப் பூங்காவின் மகாவலிக் கரையில் நிற்கும் இராட்சத மூங்கில்களை வியந்து பார்க்காதவர் இல்லை. 1881 டிசம்பரில் அப்படி வியந்து நின்றவர்களுள் ஒருவர், ஜேர்மனியின் ஜெனா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல். பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமனின் விருந்தினராகச் சில நாட்கள் தங்கிய அவர், கண்டி நகரையும் சுற்றிப் பார்த்தார். இப்பகுதி அட்டைகளின் தொல்லையையும் அனுபவித்தார். பின்னர் இவற்றையெல்லாம் பயண நூலாக எழுதினார்.

அட்டை கடித்த காயத்துக்கு விரைந்து வருபவை வெண்குருதிக் கலங்கள். அவற்றைப் பற்றிய முக்கியமான ஓர் உண்மையை ஹேக்கல் 22 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்.

1834 இல் பொட்ஸ்டாமில் பிறந்த அவர் மருத்துவம் படித்தவர். புகழ்பெற்ற விர்ச்சோவின் மாணவர். ஆனால் வைத்தியத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. கடல்வாழ் உயிரினங்களே அவரை ஈர்த்தன. 1859 இல் இத்தாலியின் நேபிள்ஸ் நகரில், ஓடில்லாக் கடல் நத்தை ஒன்றின் குருதியில் அவுரி நீலச் சாயத்தைச் செலுத்தினார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சாயத் துணிக்கைகள் குருதிக் கலங்களுக்குள்ளேயே இருந்தன. கலங்கள் அவற்றை விழுங்கியிருந்தன! 1862 இல் இதை நூலில் வெளியிட்டார்.

ஆனால் இக்கலங்கள் அமீபாவைப் போல நகர்ந்து உண்கின்றன என்பதோடு அவர் நின்றுவிட்டார். ஏன் விழுங்குகின்றன, உடலுக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வியைத் தொடரவில்லை. டார்வினின் கொள்கையைப் பரப்புவதிலும் உயிரினங்களின் வம்சாவளியை வரைவதிலும் மூழ்கினார். 'சூழலியல்' என்ற துறைக்கு 1866 இல் பெயரிட்டவரும் அவரே.

வெலிகமவில் கடலுயிரிகளைச் சேகரித்துவிட்டு 1882 இன் தொடக்கத்தில் அவர் நாடு திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியின் மெசினாவில் ரஷ்யரான மெச்னிகோவ், நட்சத்திர மீனின் குடம்பிக்குள் ஒரு முள்ளைக் குத்தினார். மறுநாள் முள்ளைச் சுற்றி நடமாடும் கலங்கள் கூடியிருந்தன. உடலைக் காக்கும் படை இதுவே என்று அவர் வாதிட்டார். 1908 இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தப் படை எவ்வாறு சக்தி பெறுகிறது என்பது இன்று தெரியும். கலம் முன்னோக்கிக் கால் நீட்டுவது அக்ரின் என்னும் புரத இழைகள் வளர்வதால், அதற்கு ஏ.ரி.பி. செலவாகிறது. காயத்துக்கு முதலில் ஓடிவரும் நியூத்திரோபில்களில் இழைமணிகள் குறைவு. எனவே பெரும்பாலும் ஒட்சிசனின்றியே குளுக்கோசை உடைக்கின்றன. ஒரு மூலக்கூறிலிருந்து இப்படிக் கிடைப்பது 2 ஏ.ரி.பி. மட்டுமே, ஒட்சிசனுடன் முழுமையாக உடைத்தால் ஏறத்தாழ 30 கிடைக்கும். ஆனால் வீங்கிய காயத்தில் ஒட்சிசன் குறைந்தாலும் அவற்றின் வேலை நிற்பதில்லை.

ஹேக்கலின் இன்னொரு பக்கத்தையும் மறைக்க முடியாது. மனிதர்களை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என ஏணிப்படியில் அடுக்கினார்; அதில் ஐரோப்பியரை உச்சியில் வைத்தார். அவரது எழுத்துகள் பின்னாளில் இனவாதிகளுக்குப் பயன்பட்டன. கலத்தைப் பார்த்தபோது கேட்கத் தவறிய கேள்வியால் இழந்தது ஒரு கண்டுபிடிப்பை மட்டுமே. மனிதரைப் பார்த்தபோது தன் முடிவுகளைக் கேள்வி கேட்காததன் விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள்.

1919 ஓகஸ்டில் ஜெனாவில் அவர் காலமானார்.