வில்பர் ரைட்டும் ஒரு தையல் இயந்திரமும்

மருதமுனையில் கைத்தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் சொல்லித் தராமலே தெரிந்த ஒரு விடயம் உண்டு. சாரத் துணியைப் பாவின் வழியே இழுத்தால் அது நெகிழாது. ஊடை நூலின் வழியே இழுத்தாலும் நெகிழாது. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் மாத்திரம் நெளிந்து நீளும். நெசவாளிகளும் தையற்காரர்களும் அன்றாடம் கையாளும் இந்த அறிவைக் கொண்டே, ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னர், பட்டப்படிப்பு எதுவுமற்ற ஒரு துவிச்சக்கர வண்டிக் கடைக்காரர் விமானத்தின் இறக்கைக்குத் துணி போர்த்தினார். ரைட் சகோதரர்களுள் மூத்தவரான வில்பரே அவர்.

1903 டிசம்பர் 17ஆம் திகதியின் பன்னிரண்டு விநாடிப் பறப்பு நமது பாடநூல்களில் இடம்பெறுகின்றது. அந்தக் கணத்தில் இயந்திரத்தில் படுத்திருந்தவர் இளையவர் ஓர்வில். ஆதலால் அவரது பெயரே முதலில் நினைவுக்கு வருகின்றது. எஞ்சினைப் பற்றியும் சிறிது பேசப்படுகின்றது. ஆனால் துணியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. துணி இல்லாவிடின் அந்த விமானம் காற்று ஊடுருவிச் செல்லும் வெறும் மரச்சட்டமே என்பதை எளிதில் மறந்துவிடுகின்றோம்.

வில்பர் 1867 ஏப்ரல் 16ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தவர். தாய் சூசன் வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகள். வீட்டில் உளியும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்தவர் தந்தையல்ல, தாயே. மகனை யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எண்ணம் குடும்பத்தாருக்கு இருந்தது. 1885-86 குளிர்காலத்தில் ஹொக்கி விளையாட்டின்போது முகத்தில் விழுந்த அடி முன்பற்களோடு அந்த எண்ணத்தையும் கொண்டு சென்றது. அதன்பின் சில ஆண்டுகள் அவர் வீட்டிலேயே முடங்கி, காசநோயுற்ற தாயைப் பராமரித்தவாறு தந்தையின் நூல்களை வாசித்தார். தாய் 1889இல் காலமானார். அச்சகம், பின்னர் 1892இல் துவிச்சக்கர வண்டிக் கடை எனச் சகோதரர்களின் தொழில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அமைந்தது.

பறக்க முனைந்து விழுந்தோரின் கதை பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் இறகுகளைப் பூண்டு பறந்ததாகவும், வால் அமைக்காமையால் இறங்கும்போது காயமுற்றதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதியுள்ளார். பருத்தித் துணி போர்த்திய இறக்கைகளில் மிதந்து காட்டிய ஜேர்மனியரான ஒட்டோ லிலியன்தால் 1896இல் விழுந்து இறந்தார். அந்த மரணச் செய்தியே வில்பரின் ஆர்வத்தைத் தூண்டிவிட்டது.

1900 செப்டெம்பரில் அவர் தனியாகவே வட கரோலினாவின் கிட்டி ஹோக் மணல்வெளிக்குப் புறப்பட்டார். இறக்கைக்கான துணி டேட்டனிலேயே வெட்டப்பட்டு ஆயத்தமாக இருந்தது. பதினெட்டு அடி நீளமான மரங்களை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவரது கணக்கு. கிடைத்தனவோ பதினாறு அடி மரங்கள் மாத்திரமே. இறக்கை குறுகியது, துணியோ மிஞ்சியது. கடற்கரைக் கிராமத்தில் தம்மைத் தங்கவைத்த வில்லியம் டேட் என்பவரின் வீட்டு முற்றத்தில், அவரது மனைவி அடியின் தையல் இயந்திரத்தை இரவல் வாங்கி, துணியை மீண்டும் வெட்டித் தைத்தார் வில்பர். தம்பி வந்து சேர்வதற்கு முன்னரே வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

அங்கேதான் நாம் முதலிற் கூறிய விடயம் வருகின்றது. துணியின் நூல்கள் சட்டத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் இணையாக ஓடும்படி போர்த்துவதே எவருக்கும் இயல்பாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் நாற்சதுரமான சட்டம் காற்றின் விசையில் கோணலாகும்போது துணியும் கூடவே நெளிந்துவிடும். வில்பர் துணியை நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் போர்த்தினார். அப்போது பாவும் ஊடையும் சட்டத்தின் மூலைக்கு மூலை ஓடி, ஆயிரக்கணக்கான மெல்லிய இழுவைக் கயிறுகளாக அதைப் பிடித்துக்கொண்டன. மேலதிகமாக ஒரு கம்பியோ மரமோ தேவைப்படவில்லை, பாரமும் கூடவில்லை. விமானத்தைத் திருப்புவதற்காக இறக்கையின் நுனிகளை முறுக்க வேண்டியிருந்தமையால் முற்றிலும் விறைத்த இறக்கை அவர்களுக்கு உதவாது. கோணலாகாமலும் அதேவேளை முறுக்கத்தக்கதாகவும் இருப்பதற்கு அந்தச் சாய்வுத் துணி ஏற்றதாயிற்று.

பருவம் முடிந்து திரும்பியபோது அந்தக் கிளைடரை மணலிலேயே விட்டுச் சென்றனர். அடி டேட் அம்மையார் அதன் சட்டீன் துணியைக் கழற்றித் தம் பெண்பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

1901ஆம் ஆண்டின் கிளைடர் ஏமாற்றமளித்தது. அதன்பின் அவர்கள் கடையிலேயே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து, ஏறத்தாழ இருநூறு சிற்றிறக்கைகளைச் சோதித்த வரலாறு பலரும் அறிந்ததே. 1902 ஓகஸ்டில் வீட்டினுள் நடந்தது அவ்வளவாக அறியப்படாதது. வில்பர் மணிக்கணக்காகத் தையல் இயந்திரத்தைச் சுழற்ற, ஓர்வில் தரையில் குந்தியிருந்து தைக்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தாராம். வீட்டில் இருக்க இடமில்லை என்று சகோதரி கத்தரின் தந்தைக்கு எழுதினார். பெண்பிள்ளை ஒருத்தி வீட்டில் இருந்தமையால் தையல் அவளுடையதாகவே இருந்திருக்கும் என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறில்லை.

1903ஆம் ஆண்டின் விமானத்துக்குப் பெண்களின் உள்ளாடைகளுக்குப் பயன்பட்ட சாதாரண மஸ்லின் பருத்தித் துணியே வாங்கப்பட்டது. அதற்கு எவ்விதப் பூச்சும் பூசப்படவில்லை. இறக்கையின் வளைந்த விலாச் சட்டங்கள் துணியிலேயே தைக்கப்பட்ட நீண்ட பைகளுக்குள் செருகப்பட்டன. துணியின் பூச்சும் இழையும் பிற்காலத்தில் மாறின. இன்று வீட்டிலேயே இலகு விமானம் கட்டுவோர் பொலியெஸ்டர் துணியைச் சட்டத்தில் ஒட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் சுருக்கி இறுக்கி, பலவற்றில் ஒவ்வொரு விலாவோடும் நூலால் தைத்து முடிச்சிடுகின்றனர். நமது நாட்டிலும் அத்தகையோர் இருந்தனர். நம் வயல்களில் உழுத ‘லேண்ட்மாஸ்டர்’ இரு சில்லு உழவு இயந்திரத்தோடு பெயர் இணைந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010), தாமே இலகு விமானங்களைக் கட்டித் தாமே அவற்றை ஓட்டியவர்.

வில்பரின் பொறுமை கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1908இல், பிரான்ஸின் லெ மான் நகரிலாகும். கடல் கடந்து வந்த பெட்டிகளைத் திறந்தபோது விலாச் சட்டங்கள் முறிந்தும் துணி பல இடங்களில் கிழிந்தும் கிடந்தன. பொதி கட்டிய தம்பி மீது அவர் கொண்ட கோபம் கடிதமாகப் பறந்தது. உண்மையில் குற்றம் பெட்டிகளைக் கிளறிய சுங்க அதிகாரிகளுடையது என்பது பின்னரே தெரியவந்தது. நேர்மைக்குப் பெயர் பெற்ற ஒரு மனிதர் விசாரியாமல் சொன்ன கடுஞ்சொற்களுள் ஒன்று அது.

உதவிக்கு வந்தோருக்கு அந்த வேலை விளங்கவில்லை. வாரக்கணக்காகத் தாமே குனிந்திருந்து தைத்தார். ஜூலை 4ஆம் திகதி எஞ்சினின் குழாய் வெடித்து, கொதிநீர் அவரது கையைச் சுட்டது. வெளியிலே பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரைப் புளுகர் என ஏளனம் செய்துகொண்டிருந்தன. ஓகஸ்ட் 8ஆம் திகதி இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பறந்தார். ஏளனம் அத்தோடு அடங்கிற்று. அவ்வாண்டின் கடைசி நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வானில் நின்றார்.

அதன்பின் வந்த ஆண்டுகள் அவருக்கு நல்லவையாக அமையவில்லை. கண்டுபிடிப்பின் உரிமை தொடர்பான வழக்குகள் அவரைப் பட்டறையிலிருந்து நீதிமன்றத்துக்கு இழுத்துச் சென்றன. அவரது உரிமைக் கோரிக்கை நியாயமானதே என்பது எமது கருத்து. எனினும் அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம். புதிதாக எதனையும் ஆக்கிப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1912 மே 30ஆம் திகதி நெருப்புக் காய்ச்சலால் அவர் இறந்தபோது வயது நாற்பத்தைந்து. மணம் முடித்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு டேட்டனைப் பெருவெள்ளம் மூடியது. 1903ஆம் ஆண்டின் விமானம் பெட்டிகளுக்குள் சேற்று நீரில் கிடந்தது. 2004இன் சுனாமியின் பின்னர் உப்பு நீரில் ஊறிய தறிகளையும் நூற்கட்டுகளையும் கண்ட நம் கரையோர மக்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. ஆயினும் அந்த மஸ்லின் முற்றாக அழியவில்லை. 1927இல் ஓர்வில் அந்த விமானத்துக்குப் புதுத்துணி போர்த்தினார். பழைய துணியின் துண்டொன்றை 1969இல் நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனுக்குக் கொண்டு சென்றார். தபால்தலை அளவான இன்னொரு துண்டு, 2021 ஏப்ரல் 19ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் எழும்பிய இன்ஜெனியூட்டி என்ற சிறு ஹெலிகொப்டரில், சூரியப் பலகையின் கீழே ஒரு கம்பியில் சுற்றப்பட்டிருந்தது.