சமாதானம் பேசப் போனவர்

தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் புகுந்து விலக்கிவிட ஒருவர் ஓடுகிறார். அவருக்கு இருவர் மீதும் பகை கிடையாது. ஆனாலும் சில சமயம் அடி அவர் தலையில்தான் விழுகிறது.

நாடுகளின் சண்டையிலும் இப்படி நடப்பது உண்டு. சண்டையை விலக்கப் போன இடத்தில் உயிரை விட்டவர் டாக் ஹாமர்ஷீல்டு. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்தவர்.

பிரதமர் வீட்டுப் பிள்ளை

ஐரோப்பாவின் வடக்கே உள்ள நாடு சுவீடன். ஹாமர்ஷீல்டு அங்கு 1905-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பிறந்தார். அண்ணன்மார் மூவர், இவர் கடைக்குட்டி.

முதல் உலகப் போர் மூண்டபோது, அவருடைய தந்தைதான் சுவீடனின் பிரதமர். சுற்றிலும் நாடுகள் மோதிக்கொண்டன. சுவீடன் எந்தப் பக்கமும் சேரவில்லை. இரு பக்கமும் சாயாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சிறுவன் டாக் தன் வீட்டிலேயே கண்டான்.

படிப்பில் அவர் புலி. பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1936-ல் நிதி இலாகாவின் செயலாளர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையே அவருக்குக் குடும்பம்.

முட்டாள் தினச் செய்தி

1953-ம் ஆண்டு. ஐ.நா. சபைக்குப் புதிய பொதுச் செயலாளரைத் தேடினார்கள். அமெரிக்கா சொன்ன ஆளை ரஷியா ஏற்காது. ரஷியா சொன்ன ஆளை அமெரிக்கா ஏற்காது. கடைசியில் ஹாமர்ஷீல்டு பெயரை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த விஷயம் அவருக்கே தெரியாது! பத்திரிகை நிருபர் ஒருவர் டெலிபோனில் சொன்னார். அது ஏப்ரல் முதல் தேதியை ஒட்டிய நேரம். யாரோ முட்டாள் தின விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் ஹாமர்ஷீல்டு. விளையாட்டு அல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பதவியில் ஒரு விசித்திரம் உண்டு. பேர் பெரியது, கையில் பலம் கிடையாது. ஐ.நா.வுக்கு என்று சொந்தப் பட்டாளம் இல்லை. நாடுகள் அனுப்பினால்தான் சிப்பாய். கொடுத்தால்தான் பணம். பொதுச் செயலாளரிடம் இருப்பது பேச்சு ஒன்றுதான்.

பிறந்த நாள் பரிசு

கொரியப் போரில் ஐ.நா. படைக்காகப் பறந்த அமெரிக்க விமானப் படையினர் 11 பேர் சீனாவிடம் சிக்கினார்கள். உளவாளிகள் என்று அவர்களைச் சீனா சிறையில் தள்ளியது. அமெரிக்காவில் கொதிப்பு ஏறியது.

அப்போது மக்கள் சீனா ஐ.நா.வில் உறுப்பு நாடு அல்ல. ஆகவே கடிதம் எழுதிக் கேட்பதோடு நிற்க முடியாது. 1955 ஜனவரியில் ஹாமர்ஷீல்டு தாமே பீக்கிங் நகருக்குப் போனார். பிரதமர் சூ என்லாயுடன் பேசினார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

மாதங்கள் ஓடின. ஜூலையில் அவருக்கு 50 வயது நிறைந்தது. அதை ஒட்டி, ஆகஸ்டு முதல் தேதி அந்த 11 பேரும் விடுதலை ஆகும் செய்தி வந்தது. சீனா அவருக்குக் கொடுத்த பிறந்த நாள் பரிசு அது!

நீலத் தொப்பி

1956-ல் சூயஸ் கால்வாயை எகிப்து தன் உடைமை ஆக்கியது. இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் எகிப்தின் மீது பாய்ந்தன.

சண்டைக்காரர்களுக்கு நடுவே ஐ.நா. படை ஒன்றை நிறுத்தலாம் என்று கனடா யோசனை சொன்னது. அதைச் சில நாட்களில் திரட்டிக் காட்டினார் ஹாமர்ஷீல்டு. இந்திய வீரர்களும் போனார்கள்.

எதிரி என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதே! அதற்கு அடையாளம் வேண்டும். நீலத் தொப்பி தைக்க நேரம் இல்லை. கைவசம் இருந்த ஹெல்மெட்டுகளுக்கு நீலச் சாயம் பூசினார்கள். அன்று முதல் நீலத் தொப்பி, சமாதானப் படையின் அடையாளம் ஆயிற்று.

காங்கோவின் தீ

ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு 1960 ஜூன் 30-ந் தேதி பெல்ஜியத்திடம் இருந்து விடுதலை பெற்றது. இரண்டு வாரம்கூட நிம்மதி இல்லை. செம்புச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா மாகாணம் தனியாகப் பிரிந்தது. அதன் தலைவர் சோம்பே. எங்கும் கலவரம். காங்கோ, ஐ.நா.வின் உதவியைக் கேட்டது. நீலத் தொப்பி வீரர்கள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கினார்கள்.

ரஷியா சீறியது. ஐ.நா. சபையிலேயே குருஷேவ், ஹாமர்ஷீல்டு பதவி விலக வேண்டும் என்றார். ஹாமர்ஷீல்டு எழுந்தார். வல்லரசுகளுக்கு ஐ.நா. தேவை இல்லை, மற்ற நாடுகளுக்குத்தான் அது தேவை, அவர்களுக்காகப் பதவியில் இருப்பேன் என்று சொன்னார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

கடைசிப் பயணம்

1961 செப்டம்பரில் கட்டாங்காவில் ஐ.நா. படைக்கும் சோம்பேயின் ஆட்களுக்கும் கடும் போர் மூண்டது. இரு பக்கமும் உயிர்கள் போயின. சோம்பேயை நேரில் பார்த்துச் சண்டையை நிறுத்த ஹாமர்ஷீல்டு தீர்மானித்தார். சந்திக்கும் இடம், எல்லைக்கு அப்பால் வட ரொடீஷியாவில் உள்ள இந்தோலா நகரம். அந்த நாட்டின் இன்றைய பெயர் சாம்பியா.

வானத்திலும் அபாயம் இருந்தது. கட்டாங்காவின் போர் விமானம் ஒன்று ஐ.நா. படையைத் தாக்கி வந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். பிற நாட்டுப் பிள்ளைகளைக் குண்டுக்கு நடுவே அனுப்பியவர், தாம் பின்வாங்கவில்லை.

செப்டம்பர் 17-ந் தேதி மாலை விமானம் கிளம்பியது. பாதுகாப்புக்குத் துணை விமானம் கிடையாது. எதிரி கண்ணில் படாமல் இருட்டில் சுற்று வழியாகப் பறந்தது. நள்ளிரவு தாண்டி இந்தோலாவை நெருங்கியது. ஆனால் இறங்கவில்லை. நகருக்கு அருகே காட்டில் விழுந்து எரிந்தது.

விமானத்தில் இருந்தவர்கள் 16 பேர். ஒருவர் மட்டும் சில நாள் உயிரோடு இருந்து, பிறகு மாண்டார். விமானியின் தவறா, யாராவது தாக்கினார்களா? பல விசாரணைகள் நடந்தன. முடிவான விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

வீடு தேடி வரும் பதக்கம்

அந்த ஆண்டின் சமாதான நோபல் பரிசு ஹாமர்ஷீல்டுக்கு அளிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. மறைவுக்குப் பின் அந்தப் பரிசைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவர் இறந்த மூன்றாம் மாதம், டிசம்பர் 5-ந் தேதி, அதே கட்டாங்காவில் இந்தியாவின் காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா போரிட்டு வீழ்ந்தார். அவருக்கு வயது 26. அவருக்குப் பரம வீர சக்கரம் கிடைத்தது.

ஐ.நா.வின் சமாதானப் பணியில் உயிர் விட்டவர்கள் இதுவரை 4,000-க்கும் மேல். அவர்களில் 150-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களைக் கௌரவிக்க 1997-ல் ஒரு பதக்கம் ஏற்பட்டது. அதன் பெயர் டாக் ஹாமர்ஷீல்டு பதக்கம். பளிங்குபோன்ற கண்ணாடியால் ஆனது. இறந்தவரின் பெயரும் இறந்த தேதியும் அதில் பொறித்திருக்கும்.

அதைப் பெறுவது தாயோ, மனைவியோ, பிள்ளையோதான். ஹாமர்ஷீல்டுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆனால் எத்தனையோ நாட்டு வீடுகளில், மகனை இழந்த தாய் எடுத்து வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் அவர் பெயர் இருக்கிறது.